பொறுக்கி எடுத்த இறால்

நாங்கள் மன்னாரில், கடலோரப் பேசாலையில் இருக்கிறோம். போன வருடம் கடற்புல்லை ஆராய்வதற்காக வெளிநாட்டுப் பல்கலைக்கழக மாணவிகள் இரண்டு பேர் எங்கள் வீட்டில் தங்க வந்தார்கள்.

வந்த அன்றே மீன், நண்டு, இறால் எல்லாம் போட்டுப் பெரிய பானையில், காய்ந்த பனங்கிழங்கு மாவில் ஒடியல் கூழ் காய்ச்சினேன். இறக்குகிற நேரத்தில்தான் மகள் வந்து, "அம்மா, வந்தவையில கிளாராவுக்கு இறால், நண்டு ஒத்துவராதாம்" என்றாள்.

"அதுக்கென்ன, எடுத்துப்போட்டுக் குடுக்கிறன்" என்றேன். தவக்காலத்தில் இறைச்சியை விட்டவர்களுக்கு இறைச்சிக் கறியிலிருந்து கிழங்கை மட்டும் எடுத்துப் பரிமாறுகிறவள்தானே நான்! ஒவ்வொன்றாகப் பொறுக்கிவிட்டு வெறும் கூழைக் கொடுத்தேன். "இதில இறால் இல்லைத்தானே?" என்று அந்தப் பிள்ளை மகளைக் கொண்டு கேட்டாள். "ஓம், ஒண்டும் இல்லை" என்றேன்.

நாலு வாய்தான் குடித்திருப்பாள். உதடு வீங்கி, மூச்சு இழுக்கத் தொடங்கியது. "மடு மாதாவே!" என்று கத்தியதைத் தவிர எனக்கு ஒன்றும் ஓடவில்லை. கூட வந்த மாணவிதான் கிளாராவின் பையிலிருந்த ஒவ்வாமை ஊசியை எடுத்துத் தொடையில் குத்தினாள். ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தோம்.

"அந்த ஊசி இல்லாட்டி ஆள் தப்பியிருக்காது. இறால் அவிஞ்ச தண்ணியே காணும், ஆளைக் கொல்ல" என்றார் டொக்டர்.

மறுநாள் அவள் திரும்பி வந்து என்னைத்தான் கட்டிப்பிடித்து ஆறுதல் சொன்னாள். அதுதான் இன்னும் சுடுகிறது.

இப்போது வருகிறவர்களிடம் என்ன சாப்பிடமாட்டீர்கள் என்று கேட்பதோடு நான் விடுவதில்லை. "சாப்பிட்டா என்ன நடக்கும்?" என்றும் கேட்கிறேன். அதற்குப் பிறகுதான் அடுப்பு மூட்டுகிறேன்.