மூன்று மணி பத்து நிமிடம்

நம்புவதும் நம்பாமல் போவதும் உங்கள் பாடு. ஆனால் இது நடந்தது. கெசியா மார்ல் கடைசிவரை இதில் ஒரு சொல்லைக் கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை. நாளும் மணியும் அவள் சொன்னபடியே இங்கே இருக்கின்றன.

1871, ஜனவரி. யார்க்ஷயரின் மேட்டு நிலங்கள் முழுக்கப் பனி. கெசியாவுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. புருஷன் கல்குவாரியில் பாறை சரிந்து செத்துப்போய் நான்கு மாதம் ஆகியிருந்தது. கையில் ஏழு வாரப் பெண் குழந்தை, பெயர் ஃபீபி. வீட்டில் அடுப்பு எரிந்து மூன்று நாள் ஆகியிருந்த சமயத்தில்தான் அந்த வேலை வந்தது. ஏழு மைல் தள்ளி, ஹாக்ஸ்கார் என்ற பெரிய வீடு. அங்கே ஒரு கைக்குழந்தைக்குப் பால் கொடுக்க ஆள் வேண்டும். சொந்தக் குழந்தையைக் கூட்டிவரக் கூடாது.

அடுத்த வீட்டு டோர்காஸ் ஃபீபியைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். அவளுக்கே ஐந்து குழந்தைகள்.

"சர்க்கரைத் தண்ணியில ரொட்டியை ஊற வச்சு ஊட்டிக்கிறேன். நீ போ கெசியா. நீ சாப்பிட்டாத்தானே நாளைக்கு இவளும் சாப்பிடுவா?" என்றாள்.

கெசியா கிளம்பும்போது ஃபீபி தூங்கிக்கொண்டிருந்தாள். முத்தம் கொடுத்தால் விழித்துவிடுவாள் என்று கொடுக்கவில்லை.

ஹாக்ஸ்காரில் எல்லாமே கறுப்பு. கதவுக் குமிழில் கறுப்புத் துணி, கண்ணாடிகள்மேல் கறுப்புத் துணி. வீட்டு ஐயா டிசம்பரில் விஷக்காய்ச்சலில் போய்விட்டார் என்று வீட்டை நிர்வகிக்கும் கிரைஸ் அம்மா சொன்னாள். எஜமானி அகஸ்டா வெய்ன் அறையைவிட்டு வெளியே வருவதில்லை. குழந்தைக்கும் காய்ச்சல் வந்து தேறியதாம். கண் வெளிச்சம் தாங்காதாம். அதனால் ஜன்னல் திரையைத் தொடவே கூடாது. குழந்தையைச் சுற்றியிருக்கும் ஷாலைப் பிரித்துப் பார்க்கவும் கூடாது.

ஒரு நாளைக்கு ஒரே ஒரு தடவை, பிற்பகல் மூன்று மணிக்கு மேல், எஜமானி குழந்தையைக் கொண்டுவருவாள்.

"ஒரு தடவைதானா? பச்சக் கொழந்தைக்கு அது பத்தாதேம்மா."

"உன்னைக் கேட்டாங்களா?" என்றாள் கிரைஸ் அம்மா.

முதல் நாள், ஜனவரி பதினாறு. இருட்டறையில் எஜமானி வந்து கெசியாவின் முன்னால் மண்டியிட்டாள். ஷால் மூட்டையைத் தன் கைகளிலேயே வைத்துக்கொண்டு கெசியாவின் மார்பருகே நீட்டினாள். குழந்தை வாய் வைக்கவில்லை. அசையவும் இல்லை. சற்று நேரத்தில், தூங்கிட்டான் என்று சொல்லி எடுத்துப் போய்விட்டாள். இரண்டாம் நாளும் அதேதான். கெசியா ராத்திரி மார்பு கட்டிக்கொண்டு வலியில் கிடந்தாள்.

மூன்றாம் நாள், பதினெட்டாம் தேதி.

எஜமானி மூட்டையுடன் வந்தவள் அறை நடுவில் நின்றுவிட்டாள். கைகள் சற்றுத் தாழ்ந்தன, திடீரென்று கனம் ஏறியது போல. வெகுநேரம் மூட்டையைப் பார்த்தபடி நின்றாள். பிறகு முதல்முறையாக அதைக் கெசியாவின் மடியில் வைத்தாள்.

வாய் வந்து பற்றியது.

சில்லென்றிருந்தது. கிணற்றுத் தண்ணீர் பட்டது மாதிரி. ஆனால் வலுவாக இழுத்தது. பட்டினி கிடந்த குழந்தை இழுப்பது போல இழுத்தது. கெசியாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. தன் பிள்ளை நினைவு. பாவம், இதுவாவது குடிக்கட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

அப்புறம் தினமும் வந்தது. மூன்று மணி பத்து நிமிடம் ஆகும், எஜமானியின் காலடி கேட்கும். கெசியாவின் மார்பு காலியாகும். மற்றபடி அந்த வீட்டில் குழந்தை இருப்பதற்கான அடையாளமே இல்லை. அழுகைச் சத்தம் இல்லை. தொட்டில் ஆடும் சத்தம் இல்லை. திங்கட்கிழமை துணி துவைக்க வந்தவளோடு சேர்ந்து கெசியாவும் துணி உலர்த்தினாள். விரிப்பு, மேஜைத் துணி, காலுறை... எல்லாம் இருந்தன.

ஒரு மூத்திரத் துணிகூட இல்லை.

"கொழந்தைத் துணியெல்லாம் எங்க?" என்று கேட்டாள்.

துவைக்கிறவள் அவளை ஒரு மாதிரி பார்த்தாள். வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

பிப்ரவரி ஒன்பது. வியாழக்கிழமை. மூன்று மணி பத்து நிமிடம்.

குழந்தை குடித்துக்கொண்டிருந்தது. ஷாலில் மண் வாடை. கெசியா சும்மா தலையைத் தடவினாள். குல்லாய்க்கு அடியில் விரல் போனது. வலது காதுக்குப் பின்னால்...

கடுகு அளவு ஒரு மரு.

ஃபீபிக்கு அங்கே ஒரு மரு உண்டு.

விரல் அங்கேயே நின்றது. மறுபடி தடவினாள். அதே இடம். அதே அளவு.

எழுந்தாள். ஒரு கையால் மூட்டையை அணைத்துக்கொண்டு மறு கையால் திரையை இழுத்தாள்.

ஃபீபி.

கண் திறந்திருந்தது. அம்மாவைப் பார்த்தது.

"மூடு... வெளிச்சம் பட்டா போயிடுவா," என்றாள் எஜமானி.

அதற்குள் ஷால் தொய்ந்தது. கெசியாவின் கையில் இருந்தது சுருட்டிய தலையணை. அதற்கு ஒரு குல்லாய். தலையணை உறையில் பால் நனைந்திருந்தது.

எஜமானி சுவரோரமாக உட்கார்ந்தாள். மெதுவாகத்தான் பேசினாள்.

"என் பையன் கிறிஸ்துமஸுக்கு முன்னாடியே போயிட்டான். நான் தலையணையை வச்சுக்கிட்டு அழுதேன். பால் குடுக்க ஆள் கூட்டிட்டு வந்தா நான் அடங்குவேன்னு உன்னைக் கூட்டிட்டு வந்தாங்க. மூணாம் நாள் கை கனத்துச்சு. என்னுது இல்லன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு. ஆனா வந்தாளே... ஏதோ ஒண்ணு வந்துச்சே."

கெசியா சால்வைகூட எடுக்காமல் ஓடினாள். ஏழு மைல், முழங்கால் அளவு பனி. டோர்காஸ் கதவைத் திறந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"பதினெட்டாம் தேதி, கெசியா. மூணு மணி தாண்டி. கோயில் மணி அடிச்சு கொஞ்ச நேரந்தான் ஆச்சு. கரண்டியில எது குடுத்தாலும் துப்பிட்டா. கடைசிவரைக்கும் வெறும் வாயையே சப்பிக்கிட்டு கெடந்தாடி."

"எனக்கு ஏன் சொல்லல?"

"ரெண்டு தடவ சொல்லி அனுப்புனேன். அந்த வீட்டு கிரைஸ் அம்மா, சொல்லிடுறேன்னு வாங்கிக்கிட்டாங்களாம். நீ அழுதா பால் நின்னுடும்னு நெனச்சாங்களோ என்னமோ."

நின்றுவிட்டது. அந்த வாசற்படியிலேயே. மார்பு கல்லாக இறுகி, பிறகு ஒன்றுமில்லாமல் தளர்ந்ததை அவள் உணர்ந்தாள்.

விடிந்ததும் கெசியா திரும்பி நடந்தாள். ஹாக்ஸ்காருக்கே. டோர்காஸ் கையைப் பிடித்துத் தடுத்தாள். பிள்ளை அங்கேதான் வருகிறாள், நான் வேறு எங்கே போவேன் என்று கேட்டாள் கெசியா.

கிரைஸ் அம்மா குனிந்த தலை நிமிராமல் கதவைத் திறந்துவிட்டாள். எஜமானி ஷாலோடு காத்திருந்தாள். திரை மூடியிருந்தது. கெசியா உட்கார்ந்து கையை நீட்டினாள்.

கனம் வந்தது.

சில்லென்ற வாய் பற்றியது.

இழுத்தது.

ஒன்றும் வரவில்லை.

மறு பக்கம் மாற்றினாள்... அங்கேயும் இல்லை.

இழுத்தது. இழுத்தது. விட்டது.

அந்த வீட்டில் அதுவரை கேட்காத சத்தம் அப்போதுதான் கேட்டது.

அழுகை.

சமையலறை வரைக்கும் கேட்டதாம். சமையல்காரி அன்றே மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டாள். கெசியா பதினோரு நாள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். வெந்தயம் முதல் கறுப்பு பீர் வரை, பால் ஊற யார் எது சொன்னாலும் குடித்தாள். ஒரு சொட்டு ஊறவில்லை. அழுகை தினமும் சன்னமாகிக்கொண்டே வந்தது. பன்னிரண்டாம் நாள் கனம் வரவில்லை. எஜமானி மார்ச் முடிவதற்குள் போய்ச் சேர்ந்தாள்.

கெசியா பிராட்ஃபோர்டுக்குப் போய் நெசவு ஆலையில் சேர்ந்தாள். முந்நூறு தறிகள் ஓடும் கூடம். பக்கத்தில் இருப்பவள் கத்தினாலும் கேட்காது. அங்கே வேலை செய்கிறவர்கள் உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்வார்கள். எதுவும் காதில் விழாத இடம் என்றுதான் அவள் அங்கே போனாள்.

ஐந்தாம் நாள். பக்கத்துத் தறிக்காரி ரூத் நிமிர்ந்து சுற்றுமுற்றும் பார்த்தாள். கெசியாவின் கதை அவளுக்குத் தெரியாது. அந்த ஆலையில் யாருக்குமே தெரியாது. அவள் கெசியாவின் பக்கம் திரும்பி உதட்டை அசைத்தாள்.

"யாரு கொழந்த அது? பசியில அழுவுதே... உனக்குக் கேக்கலியா?"

கெசியா தறியை நிறுத்தினாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு காது கொடுத்தாள்.

அவளுக்குக் கேட்கவில்லை.

அப்புறம் முப்பத்தொரு வருஷம் உயிரோடு இருந்தாள். குடியிருந்த வீடு ஒவ்வொன்றிலும் அக்கம்பக்கத்தார் யாராவது வந்து அதையே கேட்டார்கள். அவளுக்கு மட்டும் ஒரு நாளும் கேட்கவில்லை.