ராஜாமணி போவாள் என்றாள் கதீஜாக்கா

செய்தி வந்தபோது தையல் கடையில் இருந்தவர்கள்: காஜா எடுத்துக்கொண்டிருந்த நான், மிஷினில் லில்லி, வாசலில் பூக்கூடையோடு முனியம்மா, பிளவுஸ் வாங்க வந்து டிவி முன்னால் உட்கார்ந்துவிட்ட சரோஜா. ரேஷன் கடைச் சண்டைக்குப் பிறகு சரோஜாவும் நானும் பேசிக்கொள்வதில்லை. ஆனாலும் இருந்தவளை இருந்தாள் என்றுதான் எழுத வேண்டும்.

ஆஸ்பத்திரியிலிருந்து கதீஜாக்காவின் மகன் அன்வர் போன் செய்தான். "குப்பு அத்தே, அம்மா மவுத்தாயிட்டாங்க" என்றான். அக்கா போய்விட்டாள். டிவியில் அந்நேரம் ராஜாமணி ஏணியிலிருந்து விழுந்துகொண்டிருந்தாள். யாரும் அணைக்கவில்லை. பாதியில் அணைத்தால் அக்காவுக்குப் பிடிக்காது. "அமுக்காதீங்கடி, உழுந்தவ ஏந்திரிச்சாளான்னு தெரியாம நான் எப்பிடித் துன்றது?" என்பாள். ராஜாமணி எழுந்து சேலையைத் தட்டிக்கொள்ளும் வரை நாங்கள் நான்கு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகுதான் அழுதோம்.

செஞ்சியில் கதீஜாக்காவிடம் துணி தைத்துப் போட்ட பெண்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் படித்தது ஐந்தாவதுதான். ஆனால் எனக்கு எதுவும் மறக்காது.

ராஜாமணி யாரென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சனிக்கிழமை மத்தியானம் வரும் பொம்மைப் படத்தில் அவள் மாமியார். எந்த நாட்டுப் படமோ, தெருவெல்லாம் பனி கொட்டும், ஆனால் பேசுவது கோயம்புத்தூர்த் தமிழ். அவளுக்குக் கத்திரிக்காய் மூக்கு, சேலை மாதிரி ஒரு சுற்றுத் துணி. மருமகள் பிங்கிக்கு நீலத் தலைமுடி. அது மூன்றாவது சீசன். முதல் வாரமே பிங்கி வயிற்றுப் பிள்ளையோடு கோபித்துக்கொண்டு எதிர்த்தெரு பேக்கரி மாடிக்குக் குடிபோய்விட்டாள். ராஜாமணி ஜன்னலில் பைனாகுலர் வைத்துப் பார்ப்பாளே தவிர, போய்க் கூப்பிட மாட்டாள். வாராவாரம் சிரிப்பு அதில்தான்.

அக்கா சிரிப்பாள், ஆனால் தையல்காரிக் கண்ணால் பார்ப்பாள். "வயிறு ஏறுது, அந்தப் பச்ச கவுனு மட்டும் அப்பிடியே இருக்குது பாரு. இந்நேரம் பக்கத் தையல பிரிச்சி உட்டிருக்க வேணாமா?" என்று டிவியைப் பார்த்துக் கேட்பாள். அவள் தைத்த எந்தத் துணியிலும் தையலுக்கு உள்ளே இரண்டு விரல் துணி இருக்கும். கோட்டை ஏறி இறங்கிக் கிழிந்த பேன்ட்டோடு வருகிற வெளியூர்க்காரருக்குக்கூட ஒட்டுத் துணி வைத்துத் தாராளமாகத்தான் தைப்பாள். நான் துணி வீணாகிறதே என்றால், "மனுசி போட்டுக்கினு போற துணிடி இது, பொம்ம போடறது இல்ல. பெருப்பா, எளைப்பா. உள்ள எடம் உடு" என்பாள்.

அப்படிப்பட்டவளின் வீட்டில்தான் அந்தச் சண்டை வந்தது. மகன் அன்வரின் மனைவி நிஷா ஐந்தாம் மாதத்தில் பஜாரில் இரண்டு ரெடிமேட் நைட்டி வாங்கி வந்தாள். அவ்வளவுதான் விஷயம். கடை என்பது வீட்டின் முன் அறைதானே, நான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"தையக்காரி வூட்டு மருமவ ரெடிமேடு போட்டுக்கினு தெருவுல நடந்தா, எங்கிட்ட யாருடி துணி குடுப்பா?"

"நீங்க ஊருக்கெல்லாம் தைக்கறீங்க மாமி. எனக்கு வெச்ச துணி ஒரு மாசமா அலமாரில இருக்குது."

அது உண்மைதான். உண்மை என்பதால்தான் அக்காவுக்குக் கோபம் இறங்கவில்லை. நிஷா திண்டிவனத்தில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அன்வர் இங்கும் அங்கும் பஸ்ஸில் அலைந்தான். "அவளா போனா, அவளா வரட்டும்" என்றாள் அக்கா. அதே வாயால் சனிக்கிழமை டிவியைப் பார்த்து, "போய்க் கூப்புடேன்டி ராஜாமணி, புள்ளத்தாச்சி மாடிப்படி ஏறி எறங்குறா" என்று கத்துவாள். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வோம். சொல்ல யாருக்கும் தைரியமில்லை.

பிங்கிக்கு ஏழாம் மாதம் என்று படத்தில் சொன்ன வாரம் அக்காவுக்கு ஒரு யோசனை வந்தது. "அந்த ஊருல வளையலு போடுவாங்களோ இன்னாவோ. நம்ம போட்டு உடலாம்" என்றாள். விளையாட்டாகத்தான் ஆரம்பித்தோம். ஆனால் வளைகாப்பை விளையாட்டாகச் செய்ய எங்களுக்கு வராது. முனியம்மா மல்லிகைச் சரத்தை டிவிக்குச் சுற்றினாள். நான் புளிசாதம், லில்லி தயிர்சாதம். சரோஜா கொண்டுவந்த எலுமிச்சை சாதத்தில் உப்பு இல்லை. கண்ணாடி வளையல்களை நூலில் கோத்து அக்காவே டிவிக்கு மாலையாகப் போட்டாள். பிங்கியின் முகம் வந்ததும் நலங்குப் பாட்டு எடுத்தோம். சரியாக அப்போது கரண்ட் போனது. "பொண்ணு வெக்கப்படுது" என்றாள் முனியம்மா. வயிறு வலிக்கச் சிரித்தோம்.

லில்லி அதைப் போனில் பிடித்து ஸ்டேட்டஸில் போட்டுவிட்டாள். நாங்கள் சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் நிஷாவிடமிருந்து போன் வந்தது. அக்கா கை ஈரமென்று லில்லிதான் ஸ்பீக்கரில் போட்டாள்.

"மாமி, அந்தப் பொம்ம வயித்துல இருக்கறது பெயிண்டு. என் வயித்துல இருக்கறது உங்க பேரப்புள்ள. எனக்கும் ஏழாம் மாசந்தான்."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அக்கா பதிலுக்குக் கத்தியிருப்பாள். போன் வைத்த பிறகு அக்கா டிவியில் தொங்கிய வளையலையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மாலையை அறுத்தாள். ஒரு வளையல் மட்டும் டிவியின் மூலையில் மாட்டிக்கொண்டு வரவில்லை. மற்றதையெல்லாம் முந்தானையில் முடிந்துகொண்டு, தையல் பையையும் எடுத்துக்கொண்டு, "குப்பு, கடைய சாத்து. நீயும் வா. தனியா போனா பாதிலயே எறங்கிடுவேன்" என்றாள்.

பஸ் முழுக்க முந்தானை முடிச்சைப் பிடித்தபடியே வந்தாள். திண்டிவனம் வீட்டில் நிஷா கதவைத் திறந்தாள். அந்த ரெடிமேட் நைட்டிதான் போட்டிருந்தாள். வயிற்றில் இறுக்கிக்கொண்டு மூச்சு வாங்கியது அவளுக்கு. மன்னிப்பு, கின்னிப்பு எதுவும் அக்கா பேசவில்லை. நைட்டியை உற்றுப் பார்த்து, "கழட்டிக் குடு" என்றாள். உள்ளே புரட்டிப் பார்த்தாள். "ஒரு நூலு துணி உடலியே பாவிங்க" என்று முனகினாள். பிளேடால் இரண்டு பக்கமும் பிரித்தாள். பையிலிருந்து நிஷாவுக்கென்று அலமாரியில் கிடந்த அந்தத் துணியை எடுத்து, அதிலேயே கிழித்து, இரண்டு பக்கமும் பட்டி வைத்துக் கையாலேயே தைத்தாள். அவ்வளவு நேரமும் நிஷா எதிரில் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தைத்து முடித்துப் பல்லால் நூலைக் கடித்த பிறகுதான் அக்கா அவள் முகத்தைப் பார்த்தாள்.

"கையக் காட்டு."

வளையல் போட்டாள். நிஷா கேட்டாள், "டிவி புள்ள போட்டுக் கழட்டினதா மாமி?" அக்கா, "ஆமாடி, அவளுக்குக் கை செறுசு" என்றாள். இருவரும் சிரித்ததைப் பார்த்துவிட்டு நான் தண்ணீர் குடிக்கிற சாக்கில் சமையல்கட்டுக்குப் போய்விட்டேன்.

நிஷா அன்றே எங்களோடு வந்துவிட்டாள். குழந்தை பிறந்தது, பெண். அக்கா அதற்குத் தைத்த சட்டைகளில் எல்லாம் உள்ளே இரண்டு விரல் துணி. அந்த நாட்களில் நெஞ்சு வலி அவளுக்கு அடிக்கடி வந்தது. ஆனாலும் இத்தனை வருஷத்தில் நான் பார்த்த கதீஜாக்காக்களில் அப்போதைய கதீஜாக்காதான் சந்தோஷமானவள். ராஜாமணி இன்னும் போகவில்லையே என்று நான் கிண்டல் செய்தால், "போவா. நானே போனேன், அவ போவ மாட்டாளா?" என்பாள். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போதும், "கடேசி வாரம் போவா. பாத்து வெச்சி எனக்குச் சொல்லு" என்றுதான் ஆட்டோவில் ஏறினாள்.

கடைசி வாரம் அவளை அடக்கம் செய்ததற்கு அடுத்த சனிக்கிழமை வந்தது. உள்ளிருந்து நிஷா குழந்தையோடு வந்து அக்காவின் ஸ்டூலில் உட்கார்ந்தாள். படத்தில் ராஜாமணி பனியில் தெருவைத் தாண்டினாள். மாடி ஏறினாள். மணியடிக்கக் கையைத் தூக்கினாள். நான் எழுந்தே நின்றுவிட்டேன். கை அப்படியே நின்றது. பிறகு இறங்கித் திரும்பிப் போய்விட்டாள். மீதி அடுத்த சீசனில் என்று போட்டார்கள்.

நிஷா குழந்தையின் சட்டையை இழுத்துவிட்டாள். "எங்க மாமி வந்தாங்க" என்று மட்டும் சொன்னாள்.

டிவி மூலையில் மாட்டிய அந்த வளையலை நிஷா என்னிடம் கொடுத்துவிட்டாள். என் கைக்கு ஏறாது, ஊசி டப்பாவில் வைத்திருக்கிறேன். இப்போது நானும் உள்ளே இரண்டு விரல் துணி விட்டுத்தான் தைக்கிறேன். சரோஜாவின் பிளவுஸுக்கும் விட்டேன். போன வாரம் அவள் வந்து, "கரெக்டா இருக்குது குப்பு" என்றபோது பதிலும் சொன்னேன். என் கல்யாணத்தில் என்னைக் கறுப்பி என்ற என் நாத்தனாரைக்கூட ஒருநாள் மன்னித்துவிடுவேன் போலிருக்கிறது. அக்கா செய்த வேலை அப்படி.

ஆனால் ஒருத்தியை மட்டும் மன்னிக்க மாட்டேன். அடுத்த சீசனில் அவள் போனாலும் சரி, காலில் விழுந்தாலும் சரி. போவாள் போவாள் என்று சாகும்வரை நம்பியிருந்தாள் எங்கள் அக்கா. வாசல் வரை போய், மணியில் கை வைக்காமல் திரும்பினாளே, அந்த ராஜாமணியை.