எங்கள் கோவில் மணியை நான் ஏற்றி வந்தேன்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் எட்டாம் வகுப்பு வரைதான் படித்தவள். பூசையில் வாசகம் வாசிக்கக்கூட ஒருநாளும் எழுந்து நின்றதில்லை. நாலு பேர் பார்த்தால் எனக்குப் பேச்சு வராது. இதை எழுதும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் பங்குச் சாமியார், "வாயால் சொல்ல முடியாவிட்டால் எழுதிக் கொடுங்கள்" என்றார். கடவுள் செய்த நன்மையை மறைத்து வைப்பதும் பாவம் என்றார். அதனால் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரர் குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி ஓட்டிப் பிழைத்தவர். தூத்துக்குடிக்கும் எங்கள் கடற்கரை ஊருக்கும் இடையில் ஐஸ், வலை, டீசல் என்று எல்லா லோடும் அடிப்பார். ஐந்து வருடத்துக்கு முன்னால் அவருக்கு வாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. பேச்சும் குறைந்துபோயிற்று. வேறு வழியில்லாமல் நான் வண்டி ஓட்டப் பழகினேன். அவர்தான் பக்கத்தில் இருந்து சொல்லிக் கொடுத்தார். கிளட்சை எங்கே விடவேண்டும், மழையில் எப்படி மிதிக்கவேண்டும், எந்தச் சாமானை எங்கே வைக்கவேண்டும் என்று ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். ஓட்டுவது எனக்கு வந்துவிட்டது. லோடு ஏற்றுகிறவர்களிடம் "இப்படி வைக்காதீர்கள்" என்று சொல்வதுதான் வரவில்லை.

போன வருடம் ஆடி மாதத்தில் அது நடந்தது. ஒரு வள்ளத்து எஞ்சினையும் வலைகளையும் ஏற்றினார்கள். வலைகளை முன்னால் குவித்துவிட்டு, இறக்குவதற்கு லேசாக இருக்கும் என்று எஞ்சினைப் பின்கதவை ஒட்டி வைத்தார்கள். பாரம் வால் பக்கம் இருந்தால் முன் சக்கரம் தரையில் அழுந்தாது, ஸ்டீயரிங் சொன்னபடி கேட்காது என்று என் வீட்டுக்காரர் பலமுறை சொல்லியிருக்கிறார். எனக்குத் தெரியும். லோடுமேன்களில் மூத்தவர் சூசை அண்ணாச்சி வலைக் குவியல் மேலே ஏறி உட்கார்ந்தார்.

"ஏளா ரெஜினா, நான் மேல இருந்து பாத்துக்கிடுதேன். நீ எடு" என்றார்.

இறங்குங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. வண்டியை எடுத்துவிட்டேன்.

உப்பளம் பக்கத்து வளைவில் ஒரு மேடு உண்டு. அதில் ஏறியதும் வண்டியின் முன்பக்கம் தூக்கியது. ஸ்டீயரிங் கையில் காற்று மாதிரி இருந்தது. வளைத்தேன், வண்டி வளையவில்லை. வரப்பைத் தாண்டிப் பாத்தியில் இறங்கியது. சூசை அண்ணாச்சி கீழே விழுந்து தொடை எலும்பு முறிந்தது.

"பொம்பள கையில வண்டியக் குடுத்தா இதான் நடக்கும்" என்று ஊரில் பேசினார்கள். அது எனக்கு வலிக்கவில்லை. எனக்குத் தெரிந்திருந்தும் பேசாமல் இருந்தேனே, அதுதான் வலித்தது. ஓட்டத் தெரியாமல் அவர் காலை முறிக்கவில்லை. வாய் திறக்காமல் முறித்தேன். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் மட்டும் சொன்னேன்.

அதன்பிறகு மூன்று மாதம் சாவியைத் தொடவில்லை. வண்டி வேப்பமரத்தடியில் நின்றது. கோழிகள் அதன் அடியில் படுத்துக்கொண்டன. வீட்டில் அடுப்பு எரிந்ததற்கு என் தங்கச்சிதான் காரணம். நான் செத்துப்போனால் நல்லது என்று நினைத்த நாட்களும் உண்டு. கடவுள் என்னை மன்னிக்கட்டும்.

ஐப்பசியில் எங்கள் கோவிலுக்குப் புது மணி வந்தது. பழைய மணி கீறல் விட்டு, தகர டப்பாவைத் தட்டினது போல ஆகி வெகுநாளாயிற்று. புது மணி வெளியூரில் வார்த்து லாரியில் தூத்துக்குடி குடோனுக்கு வந்து இறங்கியது. முந்நூற்றைம்பது கிலோ. எங்கள் ஊர்த் தெருவில் லாரி நுழையாது. கமிட்டித் தலைவர் ஜெரோம் அண்ணாச்சி எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"சனிக்கிழம வண்டிய மட்டும் குடுங்க. டிரைவர நாங்க பாத்துக்கிடுதோம்" என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டார்.

அவர் வெகுநேரம் வார்த்தையைத் தேடினார். பிறகு சொன்னார்: "அவதான்... ஓட்டுவா."

நான் அடுப்படிக்குள் ஓடிவிட்டேன்.

அன்று தொடங்கி மூன்று நாள் காலைப் பூசை முடிந்ததும் கோவிலிலேயே இருந்தேன். பெரிய செபம் ஒன்றும் எனக்குத் தெரியாது. "ஆண்டவரே, ஓட்டுவதற்கு எனக்குக் கை கால் தந்திருக்கிறீர். வாயைத் தரவில்லை. சனிக்கிழமை ஒருநாளைக்கு மட்டும் தாரும். மாதாவே, உம் மகனிடம் எனக்காகக் கேளும்." இவ்வளவுதான் என் செபம். இதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். அழுகையும் வந்தது. பதில் ஒன்றும் கேட்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் சாவியை எடுத்து, வண்டியை ஓட்டிக்கொண்டு குடோனுக்குப் போனேன். எங்கள் ஊர் ஆண்கள் பதினைந்து பேர், மாலை, கொடி, வெடி எல்லாவற்றோடும் நின்றார்கள். அந்தக் காலத்தில் பழைய மணி தோணியில் வந்ததாம். கரையோரம் எல்லா ஊருக்கும் கேட்கும்படி வழி நெடுக அடித்துக்கொண்டே வந்தார்களாம். அதுபோலப் புது மணியும் அடித்துக்கொண்டே வரவேண்டும் என்பது அவர்கள் ஆசை. வண்டியில் நட்டு ஆள் உயரத்துக்கு மணியைத் தொங்கவிடுவதற்காக, சவுக்குக் கம்பால் தரையிலேயே சாரம் கட்டத் தொடங்கியிருந்தார்கள். சுற்றிலும் எட்டுப் பேர் நின்று பிடித்துக்கொள்வதாம்.

அந்த எட்டுப் பேரில் முதல் ஆளாக நின்றவர் யார் தெரியுமா? சூசை அண்ணாச்சி. கால் சேர்ந்து அப்போதுதான் கம்பு ஊன்றாமல் நடக்கத் தொடங்கியிருந்தார்.

"வா ளா. போன தடவ எஞ்சினுக்குத் தொணையாப் போனேன். இந்தத் தடவ மாதா மணிக்குத் தொணையா வாரேன்" என்று சிரித்தார்.

சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டேன். பிறகு என் காதுக்கே புதிதாக ஒரு சத்தம் கேட்டது. அது என் சத்தம்.

"அண்ணாச்சி, இந்தச் சாரத்தோட நான் வண்டிய எடுக்க மாட்டேன்."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஜெரோம் அண்ணாச்சிக்குக் கோபம் வந்துவிட்டது. "ஊரே ஆசப்பட்டு நிக்கி. நீ என்ன புதுசா சட்டம் பேசுத?" என்றார். ஒருத்தர் பின்னாலிருந்து, "அன்னைக்கு உப்பளத்துல வண்டிய எறக்குனவ, இன்னைக்கு நமக்குப் பாடம் நடத்துதா" என்றார். சிரித்தார்கள்.

வழக்கமாக நான் அதோடு தலையைக் குனிந்திருப்பேன். ஆனால் வார்த்தை வந்துகொண்டே இருந்தது.

"ஆமா, எறக்குனேன். அன்னைக்கு நான் பேசல, அதான் எறங்குச்சு. ஒண்ணு கேக்கேன், சொல்லுங்க. கடல்ல போகும்போது நெறஞ்ச ஐஸ் பெட்டிய நீங்க கொடிக்கம்புலயா கட்டித் தொங்க விடுவிய? தோணிக்கு அடியில, நடுவுலதான வைப்பிய? அல அடிச்சா என்ன ஆகும்னு ஒங்களுக்கு நான் சொல்லணுமா? ரோட்டுல வளைவுதான் அல. மணி ஆடுனா வண்டி ஆடும். வண்டி கவுந்தா எட்டு வீட்டுக்கு நான் பதில் சொல்லணும்."

கடலுக்குப் போகிறவர்களுக்கு அது உடனே புரிந்துவிட்டது. சத்தியமாகச் சொல்லுகிறேன், ஐஸ் பெட்டியும் தோணியும் அதற்கு முன் என் நினைவிலேயே இல்லை. அந்த நிமிடம் யாரோ என் வாயில் வைத்தார்கள். யார் வைத்தது என்று எனக்குத் தெரியும்.

சூசை அண்ணாச்சிதான் முதலில் அசைந்தார். சாரத்தின் கட்டை அவிழ்க்க ஆரம்பித்தார். "சொல்லு ளா, எப்படி வைக்க?" என்றார்.

சொன்னேன். வண்டியின் பின்தொட்டியில் பலகை போட்டு அதன்மேல் பழைய வலையை மடித்து விரிக்கச் சொன்னேன். மணியை வாய் கீழாக, கேபின் பக்கமாக, பின் சக்கரத்துக்கு முன்னால், இடது வலது சமமாக உட்கார வைத்தோம். உள்ளே ஆடாமல் இருக்க மணியின் நாக்கைத் துணி சுற்றிக் கட்டினோம். நைலான் கயிறு நனைந்தால் இளகும் என்பதால் நாலு மூலைக்கும் தனித்தனியாகச் சங்கிலி போட்டு இறுக்கச் சொன்னேன். முடிச்சையும் கொக்கியையும் அவர்களே பார்த்துப் பார்த்துப் போட்டார்கள். அந்த வேலையில் எங்கள் ஊர்க்காரர்களை யாரும் மிஞ்ச முடியாது.

"மணி நாக்கக் கட்டுனோம், இவ நாக்கு அவுந்துபோச்சு" என்றார் சூசை அண்ணாச்சி. இந்தத் தடவை நானும் சிரித்தேன்.

தொட்டியில் ஒருவரையும் ஏற்றவில்லை. மற்றவர்கள் பைக்கில் கொடியோடு பின்னால் வந்தார்கள். சூசை அண்ணாச்சியை மட்டும் கேபினில் என் பக்கத்தில் உட்காரவைத்து, பெல்ட்டையும் போடவைத்தேன். "கல்யாணத்துக்குக்கூட நான் பெல்ட் கட்டல" என்று முனகிக்கொண்டே போட்டார்.

பழையகாயலில் ஒரு தடவை, ஆத்தூரில் ஒரு தடவை நிறுத்தி, இறங்கிச் சங்கிலியை இழுத்துப் பார்த்தேன். ஆத்தூர் தாண்டியதும் மழை பிடித்தது. ஆறுமுகநேரி தாண்டும்போது முப்பதில்தான் போனேன். பின்னால் வந்தவர்கள் ஆரன் அடித்தார்கள். நான் கூட்டவில்லை.

இரண்டு பக்கமும் உப்பளம். திடீரென்று அளத்துப் பாதையிலிருந்து ஒரு பைக் ரோட்டில் ஏறியது. புருஷன், பெண்சாதி, நடுவில் ஒரு குழந்தை. மழைக்குத் தலையில் சாக்குப் போட்டிருந்ததால் என்னைப் பார்க்கவில்லை.

"மாதாவே!" என்றேன். வேறு செபத்துக்கு நேரம் இல்லை. ஆனால் என் மனம் கலங்கவில்லை. பிரேக்கை ஒரே மிதியாக மிதித்தால் ஈரத்தில் சக்கரம் நின்றுபோய் வண்டி வழுக்கும். அதனால் மிதித்து, விட்டு, மறுபடி மிதித்தேன். மூன்றிலிருந்து இரண்டுக்குக் கியரை இறக்கினேன். ஸ்டீயரிங்கை இடது பக்கம் கொஞ்சம்தான் திருப்பினேன். வண்டி திருப்பின பக்கம் திரும்பியது. முன் சக்கரம் தரையைப் பிடித்திருந்தது. அந்தப் பைக் ஒரு முழ இடைவெளியில் என் முன்னால் கடந்துபோனது. அந்தக் குழந்தையின் முகம் இப்போதும் கண்ணில் நிற்கிறது. என் வண்டி ரோட்டோரத்தில் நேராக நின்றது.

பின்னால் ஒரு சத்தமும் இல்லை. சூசை அண்ணாச்சி பெல்ட்டைக் கழற்றிவிட்டு மழையில் இறங்கினார். தொட்டியில் கை வைத்து மணியைத் தள்ளிப் பார்த்தார். அது ஒரு விரல்கூட நகர்ந்திருக்கவில்லை. பைக்கில் வந்தவர்கள் ஓடிவந்தார்கள்.

"நாங்க மேல நின்னிருந்தா?" என்று ஒருத்தர் மெதுவாகக் கேட்டார்.

"நின்னிருந்தா இந்நேரம் பாத்தியில உப்பு அள்ளிக்கிட்டு இருந்திருப்பிய" என்றார் சூசை அண்ணாச்சி. பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சிலுவை அடையாளம் போட்டார். எல்லாரும் போட்டார்கள். மழையில் நின்றுகொண்டு மாதாவுக்கு ஒரு அருள்நிறை மந்திரம் சொன்னோம்.

ஊர் எல்லையில் குடை பிடித்துக்கொண்டு சனம் நின்றது. கோவில் வாசலில் மாதா கெபிக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள இடுக்கு உங்களுக்குத் தெரியும். வண்டிக்கு இரண்டு பக்கமும் ஒரு சாண்தான் மிஞ்சும். எல்லாரும் பார்க்க, அதில் நான் ரிவர்ஸ் எடுத்தேன். அரை கிளட்ச், இரண்டு கண்ணாடி, ஒரே எடுப்பு. சுவரில் உரசவில்லை. என் வீட்டுக்காரர் இடது கையால் சைகை காட்டிக்கொண்டு நின்றார். வண்டி நின்றதும் தொட்டிப் பக்கம் போய்ச் சங்கிலியை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

"கட்டு... நல்லாருக்கு" என்றார்.

பெருமைப்படக் கூடாது என்று ஞானோபதேசத்தில் படித்திருக்கிறேன். ஆனால் நான் பெருமைப்பட்டேன். இன்றும் படுகிறேன். கொடுத்தவர் கடவுள், அதனால் அவர் கோபிக்கமாட்டார் என்று நினைக்கிறேன்.

இப்போது லோடு ஏற்றுகிறவர்கள், "எங்கன வைக்க, அக்கா?" என்று என்னைக் கேட்டுவிட்டுத்தான் வைக்கிறார்கள். யாராவது சாமான் மேல் ஏறினால் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு கீழே இறங்கிவிடுவேன். இன்னும் கூட்டத்தில் பேச எனக்கு வெட்கம்தான். அது போகவில்லை. பேசவேண்டிய இடத்தில் மட்டும் பேசிவிடுகிறேன்.

அன்பான சகோதர சகோதரிகளே, தவறு என்று தெரிந்தும் சொல்லமுடியாமல் விழுங்கிக்கொண்டு இருக்கிறவர்கள் உங்களிலும் இருப்பார்கள். நோய்க்கும் கஷ்டத்துக்கும்தான் செபிக்கவேண்டும் என்று நினைக்காதீர்கள். ஒரு வார்த்தைக்காகவும் கேளுங்கள். எனக்குத் தந்தவர் உங்களுக்கும் தருவார். இயேசுவுக்கும் மாதாவுக்கும் நன்றி.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. மணி வந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மழை விடவில்லை. பூசைக்குப் போய்விட்டு வந்து, மழையிலேயே உப்பளத்துச் சேறு போக வண்டியைக் கழுவினேன்.