பட்டியல் எடுத்தால் சொல்லியாச்சு

அபிஷேகப்பாக்கத்துக்குப் பக்கத்து ஊரில் எங்கள் பால் சொசைட்டி. அங்கே கம்ப்யூட்டர் பார்ப்பவள் நான். எந்த மாட்டுக்கு எப்போது கோமாரி ஊசி என்பதைக் கலர் கலராகக் காட்டும் டாஷ்போர்டு ஒன்று செய்ய ஆசைப்பட்டேன். எனக்கு முன்பு இருந்தவர், ஊசி போடவேண்டிய மாடுகளின் பட்டியலை எடுக்கும் புரோகிராமை டேட்டாபேஸுக்குள்ளேயே எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார். அதை அப்படியே டாஷ்போர்டு தகவல் எடுக்கும் டேட்டா மாடலில் இணைத்தேன். முதல் பத்து வரியைப் படித்தேன், மீதியைப் படிக்கவில்லை. அப்போது என் மேல் எனக்கு அவ்வளவு மரியாதை.

மறுநாள் பால் ஊற்றும் நேரத்தில் சொசைட்டி வாசல் முழுக்க மாடுகள். டாக்டர் வரும் நாளே இல்லை. கூட்டத்தில் எங்கள் வீட்டு மாட்டோடு என் வீட்டுக்காரரும் நின்றார்.

"ஏழு மெசேஜ் வந்துச்சுடி. இன்னா, ஒரு வாட்டி சொன்னா வரமாட்டமா?"

ஓடிப்போய் புரோகிராமின் அடிவரை படித்தேன். பட்டியலை எடுத்த கையோடு, 'நாளை காலை மாட்டை ஓட்டி வரவும்' என்று எல்லோருக்கும் மெசேஜும் அனுப்புகிறது. நான் டாஷ்போர்டைத் திறந்து பார்த்த ஒவ்வொரு முறையும் அது ஓடியிருக்கிறது.

"இங்க லிஸ்ட் எடுத்தா சொல்லியாச்சுன்னு அர்த்தம்மா. முன்னாடி நான் கையில லிஸ்ட் எடுத்தாலே நேரா மைக்குக்குத்தான் போவேன். இது கூடவா தெரியாது?" என்றார் செயலாளர்.

அவமானமாக இருந்தது. பட்டியலை மட்டும் எடுக்கிற புதுப் புரோகிராம் எழுதி அதை இணைத்தேன். கெட்டிக்காரத்தனம் அதோடு நிற்கவில்லை. செயலாளர் பட்டியலுக்காக அழுத்தும் பட்டனையும் அதற்கே மாற்றிவிட்டேன்.

ஊசி முகாம் அன்று ஐஸ் பெட்டியோடு டாக்டர் வந்தார். ஒரே ஒரு மாடு நின்றது. நான் வீட்டில் வாயால் சொல்லியிருந்ததால் வந்த எங்கள் மாடு.

"நேத்தே லிஸ்ட் எடுத்தனேமா!" செயலாளர் பாவமாகப் பார்த்தார். நான் மாற்றிய பட்டன் யாருக்கும் மெசேஜ் அனுப்பியிருக்கவில்லை.

"மதியத்துக்கு மேல மருந்து தாங்காது. இனிமே மழை முடிஞ்சுதான் வரமுடியும்" என்றார் டாக்டர். பக்கத்து ஊரில் ஏற்கெனவே கோமாரி வந்து கன்றுகள் வாயில் நுரையோடு கிடந்தன. மழைக்குள் இங்கே ஒரு கன்று செத்தாலும் அது என்னால்தான்.

போனில் டாஷ்போர்டைத் திறந்து வைத்துக்கொண்டு மைக்கைப் பிடித்தேன். ஊசி பாக்கியுள்ள சிவப்புக் கட்டங்களை ஒவ்வொன்றாகப் படித்தேன். "மேட்டுத்தெரு செவலை மாட்டுக்காரங்க... குளத்தங்கரை ரெட்டைக்கன்னு மாட்டுக்காரங்க... ஒடனே ஓட்டிக்கினு வாங்க!"

யாரையும் காணோம்.

"ஒரு வாட்டி பத்தாதுடி, ஏழு வாட்டி சொல்லு" என்றார் என் வீட்டுக்காரர், மாட்டைத் தடவிக்கொண்டே.

சொன்னேன். நான்காவது முறை படிக்கும்போது தெருமுனையில் செவலை தெரிந்தது. அதன் பின்னால் வரிசையாக மற்ற மாடுகள். அழுகை பொங்கிவிட்டது. மைக்கை அணைக்காமல் அழுதிருக்கிறேன், ஊர் முழுக்கக் கேட்டிருக்கிறது. அதை மட்டும் யாருக்கும் இரண்டாவது முறை சொல்லவேண்டியிருக்கவில்லை.