நிற்கத் தெரியாத தேவசேனா

தேவசேனா மதினியைப் பற்றி எங்கள் ஊரில் யாரிடம் கேட்டாலும், "அவ தூக்காத மூட்டையா?" என்பார்கள். அப்படிச் சொல்கிறவர்களில் பாதிப் பேர் தங்கள் மூட்டையை அவள் தலையில் ஏற்றிவிட்டுப் பின்னால் கைவீசி நடந்து வந்தவர்கள். எனக்குக் கோபம் வருவது அங்கேதான். நான் பேத்துப்பாறை அங்கன்வாடியில் வேலை பார்க்கும் சௌம்யா. என் பெரியப்பா மகன் நல்லசாமியின் மனைவி என்பதால் அவள் எனக்கு மதினி. அவளுக்கு வயது நாற்பத்து மூன்று.

எங்கள் பக்கம் பல தோட்டங்களுக்கு ஜீப் போகாது. சவ்சவ்வோ பட்டர் ஃப்ரூட்டோ, சாக்கில் கட்டி, தலையில் சும்மாடு வைத்து, ரோடு வரைக்கும் ஆள்தான் சுமந்து வர வேண்டும். முக்கால் மணி நேர ஏற்றம். அந்தப் பாதையில் சுமையோடு யாரும் நிற்க மாட்டார்கள். நின்றால் முழங்கால் நடுங்கிவிடும், பின்னால் வருகிறவளுக்கும் வழி அடைபடும். மூட்டை தலைக்கு வந்ததும் கால் கிளம்பிவிட வேண்டும். இருபத்திரண்டு வருடமாக மதினியின் கால் அப்படித்தான் பழகியிருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொடைக்கானல் சந்தைக்கு வந்திருந்தவளை நாயுடுபுரத்தில் ஒருவர் சுமைக்குக் கூப்பிட்டார். அவர் பெயர் ஜுபைர். அப்பாவின் ஹார்டுவேர் கடைக்கு மேல் ஓர் அறையில் ஜிம் ஆரம்பித்துக்கொண்டிருந்தார். இரும்புத் தட்டுகளை ஏற்றி வந்த வண்டி அந்தச் சந்தின் மேட்டில் ஏற மாட்டேன் என்று நின்றுவிட்டது. மதினி ஐந்து நடையில் எல்லாத் தட்டையும் மேலே சேர்த்தாள். ஜுபைர் மாநில அளவில் பளு தூக்கியவர், தோள் போனதால் விட்டவர். வயது முப்பதுகூட இல்லை. வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாராம்.

"அக்கா, வாரம் ரெண்டு நாள் இங்க வாங்க. நான் சொல்லித் தர்றேன். உங்க வயசுக்காரங்களுக்குன்னு தனியாப் போட்டி இருக்கு."

"தூக்குறதுல என்ன தம்பி போட்டி?"

"யாரு எத்தன கிலோ தூக்குனாங்கன்னு பேரு போட்டு எழுதி ஒட்டுவாங்கக்கா."

"எம்பேரையுமா?"

அந்த ஒரு கேள்விதான் அவளை இழுத்துக்கொண்டு போனது. அவள் சுமந்த சவ்சவ் எத்தனை லாரி நிறையும் என்று யாருக்குத் தெரியும்? தன் பெயருக்கு நேரே ஓர் எடை எழுதப்பட வேண்டும் என்று ஆசைப்பட்டாள். பதக்கம் கிதக்கம் என்று அவள் ஒரு நாளும் பேசியதில்லை.

நல்லசாமி அண்ணன் சிரித்தார். "தெனமும் தூக்குறது பத்தலன்னு பஸ்ஸேறிப் போயி வேற தூக்கணுமாக்கும்?" ஆனால் தடுக்கவில்லை. அவள் ஜிம்முக்குப் போகும் நாளில் அவரே குழம்பு வைத்தார். அந்தக் குழம்பைப் பற்றி நான் எதுவும் சொல்ல விரும்பவில்லை.

ஒன்பது மாதம் கழித்து மாவட்டப் போட்டி. அவளுக்குத் துணைக்கு நான் போனேன். இரண்டு விதமாகத் தூக்க வேண்டும். தட்டு மாட்டிய கம்பியைத் தரையிலிருந்து ஒரே மூச்சில் தலைக்கு மேல் கொண்டுபோவது ஒன்று. அது அவள் சுமக்கும் எந்த மூட்டையையும் போல இல்லாததால் ஒழுங்காகவே செய்துவிட்டாள். அடுத்தது, கம்பியைத் தோளில் வாங்கி, பிறகு மேலே ஏற்றுவது. ஏற்றியதும் அசையாமல் நிற்க வேண்டும். நடுவர் கையைத் தாழ்த்தி "டவுன்" என்ற பிறகுதான் இறக்கலாம். மூன்று வாய்ப்பு. மூன்றும் தவறினால் மொத்தக் கணக்கே கிடையாது.

மதினி ஏற்றினாள். ஏற்றியவள் நடந்தாள்! கம்பியைத் தலைக்கு மேல் பிடித்தபடி மேடையைத் தாண்டி, நடுவர் மேசை வரைக்கும், அங்கே அவள் சுமைக்காக ஜீப் காத்து நிற்பது போல. கூட்டம் கைதட்டிச் சிரித்தது. மூன்று தடவையும் அதுதான் நடந்தது. ஜுபைர் தலையில் அடித்துக்கொண்டார். அவருடைய ஜிம்மில் கம்பிக்கு ஒரு முழம் முன்னால் சுவர். நடக்க இடமில்லாததால் அங்கே அவள் நின்றாள். அது நிற்பது என்று அவரும் நினைத்துவிட்டார்.

ஒட்டிய தாளில் எல்லாப் பெயருக்கும் நேரே ஓர் எண் இருந்தது. தேவசேனா, பேத்துப்பாறை என்பதற்கு நேரே ஒரு கோடு. அவள் அழவில்லை, நான்தான் அழுதேன். வத்தலக்குண்டு தாண்டி பஸ் மலை ஏறத் தொடங்கியதும், "அடுத்தது எப்பன்னு அந்தத் தம்பிகிட்டக் கேளு" என்றாள்.

அதற்குப் பிறகு மொட்டை மாடியில்தான் பயிற்சி. ஜுபைர் சாக்பீஸால் கோடு போட்டார், காலைச் சுற்றி வட்டம் போட்டார். கோட்டையும் வட்டத்தையும் கால் மதித்தால்தானே! சில நாள் நின்றாள், சில நாள் கிளம்பிவிட்டாள்.

மாநிலப் போட்டி திண்டுக்கல்லில். அவள் வயதுக்காரர்கள் மாவட்டத்தில் ஜெயிக்காவிட்டாலும் பெயர் கொடுக்கலாம். முதல் முறையை நல்லபடியாக முடித்தாள். இரண்டாவதுக்கு ஐம்பத்திரண்டு கிலோ போட்டார்கள். ஏற்றினாள், நடந்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது, செல்லாது. திரும்பவும் ஐம்பத்திரண்டு. இந்த முறை இரண்டு எட்டு வைத்ததும் அவளுக்கே தெரிந்துவிட்டது. ஆத்திரத்தில் நடுவர் சொல்வதற்கு முன்பே கம்பியைப் போட்டுவிட்டாள். மறுபடியும் சிவப்பு.

மிச்சம் ஒன்றுதான். ஜுபைர் தண்ணீரை நீட்டினார். "அக்கா, அதே அம்பத்திரண்டு. தரையில ஆணி அடிச்ச மாதிரி நெனச்சுக்கங்க."

"இல்ல தம்பி. அறுபது போடச் சொல்லுங்க."

"ஜிம்லயே அம்பத்தஞ்சுக்கு மேல போனதில்லக்கா! ரெண்டும் போன பெறகு யாராவது ஏத்துவாங்களா?"

"அம்பத்திரண்டு எங்க ஊரு மூட்டை. அது ஏறுனா ஏங்காலு ஏங்கிட்டக் கேக்காம ரோட்டுக்குக் கெளம்பிருது. நடக்க முடியாத கனமாப் போடுங்க. அப்ப நின்னுதானே ஆகணும்?"

"மதினி, கழுத்தை ஒடிச்சுக்காதீக" என்றேன். அவள் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஜுபைர் சீட்டில் அறுபது என்று எழுதிக் கொடுத்தார்.

அவளுக்கு முன் இரண்டு பேர் தூக்கி முடித்தார்கள். பிறகு அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். கம்பியைத் தோளுக்கு வாங்கி எழுந்தபோதே முகம் கறுத்துவிட்டது. ஒரு மூச்சு. முட்டியை மடக்கி, ஒரே உதையில் மேலே ஏற்றினாள். கால் இரண்டையும் ஒரே வரிசைக்குக் கொண்டுவந்தாள். வலது குதிகால் லேசாக எழும்பியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"டவுன்" என்ற சத்தம் கேட்டுத்தான் திறந்தேன். குதிகால் தரையில் இருந்தது. நடுவரின் கை தாழ்ந்திருந்தது. மதினி மட்டும் இறக்கவில்லை. கம்பியோடு அப்படியே நின்றாள். கூட்டம் கத்தியது, ஜுபைர் "போடுங்கக்கா, போடுங்க!" என்று குதித்தார். நடுவர் இன்னொரு முறை, சத்தமாக, "டவுன்" என்றார். அதற்கப்புறம்தான் இறக்கினாள். மூன்று நடுவர்களின் விளக்கும் வெள்ளை, தூக்கியது செல்லும். தாளில் அவள் பெயருக்கு நேரே அறுபது என்று எழுதுவதை நானே பக்கத்தில் நின்று பார்த்தேன்.

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன். "ஏன் மதினி, காது கேக்கலயா? மொத தடவையே எறக்கியிருக்கலாம்ல?"

"கேட்டுச்சு, நல்லாவே கேட்டுச்சு" என்றாள். வியர்வையைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். "இருவத்திரண்டு வருசத்துல சொமையை எறக்கு தாயின்னு ஏங்கிட்ட ஒருத்தரும் சொன்னதில்ல சௌம்யா. இன்னொருக்கச் சொல்லட்டும்னு நின்னேன்."