பஸ் வேகம் ஒத்துக்கல

நோட்டிலிருந்து கிழித்த அரைத்தாள் ஒன்று என் கீபோர்டுக்கு அடியில் செருகியிருந்தது. "பஸ் வேகம் ஒத்துக்கல. மெதுவான பஸ்ஸுக்கு மாத்தியாச்சு. திரும்ப மாத்த வேண்டாம்." மதியச் சாப்பாடு முடிந்து வந்து அதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. கம்ப்யூட்டர் பழுதுபார்க்கத் தொப்பம்பட்டிப் பக்கமிருந்து வரும் மெக்கானிக் அண்ணன் எழுதியது. பாவம், வேகமாகப் போகிற வண்டியில் வாந்தி வருகிறது போல, இனி டவுன் பஸ் பிடித்துத் தாமதமாகத்தான் வருவார் என்று நினைத்து, தாளை என் பென்சில் டப்பாவில் போட்டு மூடினேன்.

அது தொண்ணூறுகளின் கடைசி. எனக்குக் கல்யாணமாகவில்லை. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு அருகே ஒரு டைப்பிங் சென்டரில், கல்லூரிப் பிள்ளைகளின் ஆய்வேடுகளை அடித்துக்கொடுக்கும் வேலை. இருந்தது ஒரே ஒரு பழைய கம்ப்யூட்டர். சேமித்துவைத்த பக்கங்களைத் திறந்தால் சில நாள் எழுத்துகள் சிதறிக் கிடக்கும். அதைப் பார்க்கத்தான் அண்ணனை வரச்சொல்லியிருந்தோம்.

அவர் வந்துபோன பிறகு எழுத்து சிதறவில்லை. ஆனால் ஒவ்வொரு பக்கமும் திறக்க நெடுநேரம் ஆயிற்று. எனக்குள் ஏதோ உறுத்தியது. மூடியைக் கழற்றிப் பார்த்தேன். ஹார்ட் டிஸ்க்கிலிருந்து வரும் பட்டை வயர் முன்பு டிஸ்க்கை இயக்கும் நீளமான ஒரு கன்ட்ரோலர் கார்டில் போய்ச் சேரும். இப்போது அந்த இடம் காலியாக இருந்தது. வயர் பாதி நீளமுள்ள வேறொரு கார்டில் செருகியிருந்தது. நல்லதை எடுத்துக்கொண்டு ஒன்றுக்கும் உதவாததை வைத்துவிட்டார் என்று முடிவுகட்டினேன். அவர் தேநீர் வாங்கித் தந்த நாட்கள்கூட அன்று வேறு மாதிரித் தெரிந்தன. சொல்லாவிட்டால் பழி என் மேல் விழுமே என்று முதலாளியிடம் சொல்லிவிட்டேன்.

அடுத்த முறை அவர் வந்தபோது வாடிக்கையாளர்கள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். முதலாளி குரலைத் தாழ்த்தவில்லை. "ஏப்பா, பெரிய கார்டு எங்க? கால் முளைச்சு உங்க ஊருக்குப் போயிருச்சா?"

"ஏனுங்க, பொட்டிக்குள்ளயேதானுங்க இருக்குது" என்றார் அவர். மூடியைத் திறந்து, டிஸ்க்குக்கு மேலிருந்த காலியறையிலிருந்து செய்தித்தாள் பொட்டலம் ஒன்றை எடுத்தார். உள்ளே நீளக் கார்டு. பிறகு என் பக்கம் திரும்பினார். "அம்மிணி, சீட்டு வச்சுட்டுப் போனேனுங்களே. போர்டுக்குள்ள டேட்டா போற வழிக்குப் பேருதானுங்க பஸ்ஸு. இந்த போர்டுல அது ஓடற வேகத்த நீளக் கார்டு தாங்காதுங்க. டிஸ்க்குல எழுதறப்ப எழுத்து செதறிப்போகும். சின்னக் கார்டு போற பஸ்ஸு மெதுவுதான். ஆனா சொன்னத அப்படியே எழுதுமுங்க."

பென்சில் டப்பாவில் கிடந்த சீட்டு அப்போதுதான் எனக்குப் புரிந்தது. முதலாளி விடவில்லை. "பொட்டலம் எதுக்குய்யா கட்டி வச்ச? அடுத்த நடையில பையில போட்டுக்கவா?"

அண்ணன் என்னைப் பார்த்தார். டப்பா என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அந்தத் தாளை நீட்டியிருந்தால் போதும். அதை ஊருக்குப் போகும் பஸ் என்று படித்தவள் நான் என்று தெரிந்துவிடுமே என்று கை நகரவில்லை. அவர் கைகளைத் துடைத்துக்கொண்டு, திருப்புளிகளைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார். அப்புறம் வரவேயில்லை.

கல்யாணமாகி நெடுநாள் கழித்துப் பிறந்த என் மகளுக்கு இப்போது ஒன்றரை வயது. நான் வேலைக்குப் போகும் நேரத்தில் அவளைப் பார்த்துக்கொள்ளும் அக்கா பால் புட்டியைப் பளிச்சென்று கழுவிக் கவிழ்த்திருந்தாலும், எதை மறைக்க இவ்வளவு சுத்தம் என்று எடுத்து முகர்கிறேன். முகர்ந்த பிறகு என்னையே திட்டிக்கொள்கிறேன். மறுநாளும் முகர்கிறேன்.

அன்று அண்ணன் போன பிறகு முதலாளி வேறொருவரைக் கூப்பிட்டு நீளக் கார்டையே மறுபடி போடவைத்தார். கம்ப்யூட்டர் பறந்தது. அந்த வாரமே சாணார்பட்டிப் பெண் ஒருத்தியின் ஆய்வேட்டில் இரண்டு அத்தியாயங்கள் சிதறிப்போயின. அவள் என் மேசை ஓரம் நின்று அழுதாள். எல்லாவற்றையும் மறுபடி அடித்தேன். முதலாளி வெளியே போயிருந்த ஒரு காலையில் நானே மூடியைக் கழற்றி, நீளக் கார்டை எடுத்துவிட்டு, பொட்டிக்குள்ளேயே கிடந்த சின்னக் கார்டைச் செருகிப் பட்டை வயரை அதற்கு மாற்றினேன். அதன் பிறகு ஓர் எழுத்துகூடச் சிதறவில்லை.

முதலாளிக்கு ஒரே சந்தோஷம். வருகிறவர்களிடமெல்லாம் என்னைக் காட்டிச் சொன்னார்: "பரவாயில்லயே தாயி! அந்தக் களவாணிப்பயலால முடியாதத நீ செத்த நேரத்துல முடிச்சுப்புட்டியே!"

இது அவர் செய்துவைத்த வேலை என்று சொல்ல வாயெடுத்தேன்.

"ஆமா சார்" என்றேன்.