ஒத்திகை அக்கா ஓடிய நாள்

நாங்கள் வேலை பார்ப்பது ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்தில். அழைப்பு எடுக்கிற எங்கள் கூடத்தையும் சர்வர் அறையையும் ஒரு கண்ணாடிச் சுவர்தான் பிரிக்கிறது. இந்தப் பக்கம் நாங்கள் காதில் ஹெட்போனோடு, "பதறாம சொல்லுங்க, மூச்சு வருதா?" என்று கேட்டுக்கொண்டிருப்போம். அந்தப் பக்கம் அக்கா திரைக்குள் மூக்கை நுழைத்தபடி உட்கார்ந்திருப்பார். எந்த வண்டி எங்கே நிற்கிறது, யார் வீட்டுக்குப் போகிறது என்பதெல்லாம் ஒரே தரவுத்தளத்தில் இருக்கிறது. அதைச் சுமக்கும் சர்வர் அவர் பொறுப்பு.

சர்வரில் எதை மாற்றுவதென்றாலும் முதலில் ஒரு கோப்பில் எழுத வேண்டும். பிறகு முன்னோட்டம் கேட்டால், இப்போதிருக்கும் சர்வரோடு ஒப்பிட்டு, என்னென்ன ஆகும் என்று திரை சொல்லும். எதையும் தொடாது. சேர்வது பச்சையில் வரும், மாறுவது மஞ்சளில், அழிவது சிவப்பில். மற்றவர்கள் ஒரு தடவை பார்த்துவிட்டு வேலையை முடிப்பார்கள். அக்கா பார்ப்பார், எழுந்து போய்த் தண்ணீர் குடிப்பார், திரும்பி வந்து மறுபடி பார்ப்பார். அதனால்தான் ஒத்திகை அக்கா என்று பெயர் வைத்தோம். "பல் தேய்க்கிறதுக்கு முன்னாடியும் ஒரு ஒத்திகை பார்ப்பா" என்று அவர் வீட்டுக்காரரே எங்களிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார். அக்காவும் கூடவே சிரிப்பார். ஆனால் அந்தப் பழக்கத்துக்குப் பின்னால் இருந்த பயம் சும்மா வந்ததில்லை.

அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில், சர்வரைப் பார்த்துக்கொண்ட மூத்தவர் ஒருவர், "சின்ன மாற்றம்தானே" என்று முன்னோட்டம் பார்க்காமலே அமல்படுத்திவிட்டார். ஒரே நேரத்தில் எத்தனை பேர் தரவுத்தளத்தோடு இணையலாம் என்ற எண்ணில் ஒரு பூஜ்யம் விட்டுப்போயிருந்தது. கூடத்தில் திரைகள் ஒவ்வொன்றாக வெளுத்தன. அழைப்பு எடுத்தவர்கள் முகவரிகளை உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்கள். ஒருத்தி எழுந்து, கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து கையை விரித்துக் காட்டினாளாம். வியர்வையில் மை கலைந்து, தெருப் பெயர் பாதிதான் தெரிந்தது. சர்வர் கொஞ்ச நேரத்தில் எழுந்துவிட்டது. அந்தத் தெருவில் என்ன ஆனது என்று மட்டும் அக்காவுக்குக் கடைசிவரை தெரியவில்லை. மூத்தவர் அந்த வாரமே வேலையை விட்டுப் போனார்.

நான் சொல்ல வந்தது அதற்கு வெகுகாலம் பிறகு நடந்தது.

கொஞ்ச நாளாகவே எங்கள் திரைகள் ஆமை வேகத்தில் நகர்ந்தன. நச்சரித்தவர்களில் நானும் ஒருத்தி. "அக்கா, பேர் அடிச்சா பெருமூச்சு விட்டுட்டுத்தான் வருது" என்பேன். மேலாளருக்கும் மேலிடத்திலிருந்து நெருக்கடி. சர்வருக்கு நினைவகத்தைக் கூட்டுவது என்று முடிவானது. காலையில் அக்கா முன்னோட்டம் பார்த்தார். மஞ்சளில் ஒரே ஒரு வரி. சிவப்பு இல்லை.

"சரியா இருக்கு சார்."

"அப்ப மதியம் அழைப்பு குறைஞ்சதும் நானே போட்டுடறேன். நீங்க நிம்மதியா சாப்பிடுங்கம்மா" என்றார் மேலாளர்.

அக்காவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. டப்பாவைத் திறந்தவர் அப்படியே மூடிவிட்டார். காலையில் பார்த்தது காலையில் உண்மை, இப்போது? மறுபடி முன்னோட்டம் கேட்டார்.

திரை சிவந்தது. மஞ்சள் வரியையே காணோம். தரவுத்தள சர்வர் அழிக்கப்படும் என்று ஒரு வரி. அதற்குக் கீழே, புதிய சர்வர் உருவாக்கப்படும் என்று பச்சையில் இன்னொரு வரி. புதியது என்றால் காலி. ஒரு வண்டி இருக்காது, ஒரு முகவரி இருக்காது. நகல் இருக்கிறதுதான். ஆனால் அதிலிருந்து எல்லாவற்றையும் மீட்க அரை நாள் ஆகும். அந்த அரை நாளும் தொலைபேசி மணி அடித்துக்கொண்டேதான் இருக்கும்.

மேலாளரைப் போனில் அழைத்தார். அவர் வேறு யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். மறுபடி அழைத்தார். அதே கதை.

மேலாளரின் அறை எங்கள் கூடத்தின் மறுகோடியில் இருக்கிறது. எங்கள் கூடத்தில் யாரும் ஓடுவதில்லை. ஓடினால் எங்கள் குரலில் பதற்றம் ஏறும், அது கூப்பிடுகிறவர் காதுக்குப் போய்விடும். அன்று அக்கா ஓடினார். செருப்பு ஒன்று என் நாற்காலிக்கடியில் கழன்று விழுந்தது. நிற்கவில்லை. மயங்கிக் கிடக்கும் மனைவியைப் பற்றி ஒருவர் என்னிடம் அழுதுகொண்டே வழி சொல்லிக்கொண்டிருந்தார். அக்காவின் முகத்தைப் பார்த்தேன். என் திரை போய்விடுமோ என்று, ஏன் எதற்கென்று தெரியாமலே, அழைத்தவர் சொன்ன முகவரியை உரக்கத் திருப்பிச் சொன்னேன்.

மேலாளர் ஒரு தோளில் போனை இடுக்கிக்கொண்டிருந்தார். அமல்படுத்தும் முன் திரை அதே பட்டியலை மறுபடி காட்டி, கடைசியில் 'செய்யலாமா?' என்று கேட்கும்; அதற்கு 'ஆம்' என்று தட்டிவிட்டு, என்டர் பொத்தானுக்கு மேலே விரலை வைத்திருந்தார். காலையில்தான் பார்த்தாயிற்றே என்று, கேள்விக்கு மேலே இருந்த பட்டியலைத் தள்ளிப் படிக்கவில்லை.

"கைய எடுங்க!"

அக்கா அப்படிக் கத்தி நாங்கள் கேட்டதே இல்லை. மேலாளர் சூடு பட்டவர்போல் கையை இழுத்துக்கொண்டார்.

"என்னம்மா, நீங்கதானே சரின்னு..."

"மேல படிங்க சார். தயவுசெஞ்சு மேல படிங்க."

படித்தார். போன் தோளிலிருந்து நழுவி மேசையில் விழுந்தது. அதற்குள்ளிருந்து யாரோ "ஹலோ, ஹலோ" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.

புதிதாகச் சேர்ந்திருந்த பொறியாளர்தான் இடையில் அந்தக் கோப்பைத் திறந்திருக்கிறார். சர்வரின் பெயர் அசிங்கமாக இருக்கிறதென்று அழகாக மாற்றியிருக்கிறார். "பேரை மட்டும்தானே மாத்தினேன்?" என்று அவர் கேட்டபோது உதடு வெளுத்திருந்தது. கோப்பைப் படித்து மாற்றங்களைச் செய்யும் கருவிக்கு அது பெயர் மாற்றமாகத் தெரியவில்லை. பழைய பெயரில் இருந்தது வேண்டாம், புதிய பெயரில் ஒன்று வேண்டும் என்றே புரிந்துகொண்டது.

பழைய பெயரையே திருப்பி வைத்தார்கள். மூவரும் சேர்ந்து மறுபடி முன்னோட்டம் பார்த்தார்கள். மஞ்சளில் ஒரு வரி.

"நீங்களே போடுங்கம்மா" என்றார் மேலாளர்.

"என்னால முடியாது சார். நீங்களே தட்டுங்க."

கடைசியில் மேலாளர்தான் தட்டினார். அக்கா திரையைப் பார்க்கவில்லை. வாசலில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். என் திரை ஒரு மூச்சு நேரம் நின்றது, பிறகு வந்தது.

கொஞ்ச நேரம் கழித்துக் கழிவறைக்குப் போனேன். அக்கா அங்கே ஒற்றைச் செருப்போடு சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார்.

"அதான் ஒண்ணும் ஆகலையேக்கா?"

"ஆகலடி. நான் சாப்பிட்டிருந்தா ஆகியிருக்கும்." முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டார். "தெனம் இப்படித்தான் பயந்துக்கிட்டு வர்றேன். இன்னைக்கு நெஜமாவே வந்துடுச்சு. நாளைக்கு எப்படி வருவேன்னு தெரியல."

செருப்பைக் கொண்டுவந்து கொடுத்தேன். போட்டுக்கொள்ளக் குனிந்தவர், சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். கூடத்தில் மணி அடித்துக்கொண்டிருந்தது. என் இடத்தில் வேறு யாரோ பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் வந்தார். அதற்கடுத்த நாளும் வந்தார். முன்னோட்டம் பார்த்த பிறகு கோப்பில் ஒரு எழுத்து மாறினாலும் அமல்படுத்த முடியாதபடி பூட்டிவிட வேண்டும் என்று மேலாளரிடம் கேட்டு வாங்கிக்கொண்டார். ஆனாலும் அமல்படுத்தும் நாட்களில் எங்கள் பக்கம் வந்து, யார் நாற்காலிக்குப் பின்னாலாவது நின்றுகொள்வார். நாற்காலியின் முதுகை அவர் பிடித்திருக்கும்போது அந்த நடுக்கம் நம் முதுகுக்குத் தெரியும். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. "அடுத்த அழைப்பு, சொல்லுங்க" என்று வேலையைப் பார்ப்போம்.